வெட்டை நோய்க் கிருமியைக் கண்டவர்: யார் இந்த நெய்சர்?

நம்ம ஊரில் வெட்டை நோய் என்று சொல்லப்படும் கொனோரியா எதனால் வருது? 1879-ல் அதற்கான கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் நெய்சர். அப்போ அவருக்கு வயசு 24தான். கிருமிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்: நெய்சீரியா.

பிறகு, மேகப்புண் எனும் சிபிலிஸைத் தடுக்க வழி தேடினார். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைச் சில பெண்களுக்கு ஊசியாகப் போட்டார். அவர்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை. பாலியல் தொழிலில் இருந்த சிலருக்கு சிபிலிஸ் வந்தது. காரணம் ஊசி இல்லை, அவர்களின் தொழில்தான் என்று சொல்லிவிட்டார்.

1900-ல் நெய்சருக்கு 300 மார்க் அபராதம் விழுந்தது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது என்று பிரஷ்ய அரசும் அதே ஆண்டு உத்தரவிட்டது. 1916-ல் அவர் இறந்தார்.

கொனோரியாவுக்கென்றே தனித் தடுப்பூசி இன்னும் வரலை. அதே நெய்சீரியா வகைக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி ஓரளவு காக்கிறது என்பதால், 2025 முதல் இங்கிலாந்தில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அதைப் போடுறாங்க. இன்று எந்தத் தடுப்பூசிச் சோதனையிலும் ஊசிக்கு முன்னால் சம்மதக் கையெழுத்து வேண்டும்.