அரசியல் சட்டம் வரைந்த அண்ணல்

இராணுவ சுபேதார் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது மகவாக, 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் என்னும் படைவீட்டு நகரில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை அவருக்கில்லை. பணியாள் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். அவன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். இதனைப் படிக்கும் இளைஞர்கள் வியப்படையக்கூடும். எம் இளமையில் எமதூர்ப் பொதுக்கிணற்றருகே குடத்துடன் காத்து நின்ற எமக்கு அதில் வியப்பேதுமில்லை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித் தொகையால் 1913இல் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பயின்றார். ஜான் டூயி போன்ற பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார். மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776இல் உலகறிய முழங்கிய நாடு அது. ஆயினும் அந்நாடு 1787இல் வகுத்த அரசியல் சட்டம், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகையில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகவே எண்ணியது. அடிமை முறையை ஒழிக்க 1865இல் ஒரு திருத்தமும், சட்டத்தின் சமமான பாதுகாப்பை வழங்க 1868இல் மற்றொரு திருத்தமும் வேண்டியிருந்தன. ஏட்டில் எழுதியது வேறு, வீதியில் நடப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

அவ்வேறுபாட்டை அண்ணல் தம் நாட்டிலேயே கண்டார். மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை 1924இல் அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது. ஆனால் நம்மவர் எவரும் அதில் இறங்கத் துணியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அண்ணல் அந்நீரைப் பருகினார். அன்றே அடியும் உதையும் கிடைத்தன; குளமும் சடங்குகளால் தீட்டுக் கழிக்கப்பட்டது. வழக்கு பம்பாய் உயர்நீதி மன்றம் வரை சென்று, 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்தாண்டுகள்! செஞ்சிக் கோட்டையின் செட்டிகுளத்தை மாணவர்களுக்குக் காட்டும் போதெல்லாம் யாம் இக்கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை.

வட்ட மேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாருடன் அவர் அமர்ந்ததும், 1932இல் பூனா ஒப்பந்தம் எழுந்ததும் நம்மவர் பலரும் அறிந்தவையே.

1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவிற்கு அவர் தலைவரானார். குழுவினர் எழுவர். அவருள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஏனையோருட் சிலரும் வேறு பணிகளில் ஆழ்ந்திருந்தனர். நீரிழிவால் நலிந்த உடலுடன் அண்ணலே பெரும் பாரத்தைச் சுமந்தார் என்பதை டி. டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே ஒப்புக்கொண்டார். அமெரிக்கச் சட்டத்தை அவர் நன்கு கற்றிருந்தும் அப்படியே பெயர்த்தெழுதவில்லை. அங்கே குடிமகனுக்குத் தன் மாநிலத்தின் குடியுரிமையும் நாட்டின் குடியுரிமையும் என இரண்டுண்டு. இங்கே ஒன்றே போதும் என்றார். அடிப்படை உரிமைகள் அங்கே 1791இல் பின்னிணைப்பாக வந்தவை. இங்கே தொடக்கத்திலேயே இடம் பெற்றன.

தீண்டாமையை ஒழிக்கும் விதி 1948 நவம்பர் 29ஆம் நாள் நிறைவேறியது. அதனை வரவேற்றுப் பேசியோருள் சென்னை மாகாணத்தின் வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும் ஒருவர். அதுவே இன்றைய 17ஆவது விதி. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் எவரையும் சாதி சொல்லித் தடுக்கலாகாது என்கிறது 15ஆவது விதி. மகாட்டின் குளம் சட்டத்தினுள் புகுந்த இடம் இதுவென்பது எம் கருத்து.

1949 நவம்பர் 25ஆம் நாள் சபையில் அவர் ஆற்றிய உரை மகிழ்ச்சியுரையன்று. வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்டதொரு காலத்துள் நாடு புகுவதாக எச்சரித்தார். மறுநாள் சட்டம் ஏற்கப்பட்டது. இந்து சட்ட மசோதா தேங்கியதால் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். தாம் பயின்ற கொலம்பியா பல்கலைக் கழகம் 1952இல் அளித்த டாக்டர் பட்டத்தை நேரில் சென்று பெற்றார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவி, இரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.