அடிமை ஜெயித்தார், பிரபு தோற்றார்! சீசர் முன் நடந்த நாடகப் போட்டி: யார் இந்த புப்ளிலியஸ் சிரஸ்?

கி.மு. 46. உள்நாட்டுப் போரில் வென்று வந்த ஜூலியஸ் சீசர், ரோம் நகரில் பிரமாண்ட விழா நடத்துகிறார். அதில் நாடகப் போட்டியும் உண்டு. ஒரு பக்கம் 60 வயது பிரபு. இன்னொரு பக்கம், அடிமையாக ரோமுக்கு வந்த ஒருத்தர். ஜெயித்தது அந்த முன்னாள் அடிமைதான். அவர்தான் புப்ளிலியஸ் சிரஸ்.

யார் இவர்?

சிரஸ் என்றால் சிரியாக்காரர் என்று அர்த்தம். புப்ளிலியஸ் என்பது, விடுதலையான அடிமைகளின் வழக்கப்படி, எஜமானர் குடும்பத்திலிருந்து வந்த பெயர். அதாவது இரண்டுமே மற்றவர்கள் கொடுத்தவை.

சின்ன வயசிலேயே டக்குனு பதில் சொல்லும் புத்திசாலித்தனம்தான் இவரைக் காப்பாற்றியது. விடுதலை கிடைத்தது, படிப்பும் கிடைத்தது. பிறகு இத்தாலி முழுக்க ஊர் ஊராகப் போய் 'மைம்' நாடகம் போட்டார். இப்போ நாம பார்க்கிற பேசாத மைம் இல்லை இது. முகமூடி போடாமல், வசனம் பேசி நடிக்கும் காமெடி.

அன்று மேடையில் என்ன நடந்தது?

எதிர்ப் போட்டியாளர் லபேரியஸும் மைம் எழுதுபவர்தான். ஆனால் உயர்ந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர். அவர் எழுதலாம், மேடையேறி நடித்தால் அந்தஸ்தே போய்விடும். 5 லட்சம் செஸ்டெர்ஸ் பணம் தருவதாகச் சொல்லி அவரை நடிக்க அழைத்தார் சீசர். ஆட்சியில் இருப்பவர் கூப்பிட்டால் மறுக்க முடியுமா?

லபேரியஸ் சிரிய அடிமை வேடத்தில் வந்தார். ரோமானியர்கள் சுதந்திரத்தை இழந்துவிட்டதாக மேடையிலேயே கத்தினார். மொத்தக் கூட்டமும் சீசரைத் திரும்பிப் பார்த்தது.

பரிசு புப்ளிலியஸுக்குப் போனது. லபேரியஸுக்குப் பணமும், பழைய அந்தஸ்துக்கு அடையாளமான தங்க மோதிரமும் கிடைத்தன. ஆனால் அவர் உட்காரப் போனபோது சக குதிரைவீரர்கள் நெருக்கி உட்கார்ந்து, இடம் கொடுக்கவில்லை. மோதிரம் திரும்பி வந்தது, மரியாதை வரவில்லை.

2 வருடத்தில் சீசரும் கொல்லப்பட்டார். அதிர்ஷ்டம் யார் பக்கமும் நிரந்தரமாக நிற்காது என்பதை புப்ளிலியஸ் கண்முன்னாலேயே பார்த்தார்.

இன்று மிஞ்சியது என்ன?

அவருடைய நாடகங்கள் அழிந்துவிட்டன. தப்பித்தவை, நாடகங்களிலிருந்து தனியே எடுத்து அகர வரிசையில் தொகுக்கப்பட்ட சுமார் 700 ஒற்றை வரிகள்தான். அதிர்ஷ்டம், பேராசை, கோபம், நட்பு என எல்லாமே அன்றாட விஷயங்கள். ஒருவரிடம் சலுகை வாங்கும்போது நம் சுதந்திரமும் கைமாறிவிடுகிறது என்பது அவற்றில் முக்கியமான கருத்து. லபேரியஸ் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

தத்துவஞானி செனெகா இந்த வரிகளை மனமாரப் பாராட்டினார். சில நூற்றாண்டுகள் கழித்து, புனித ஜெரோம் சிறுவனாகப் பள்ளியில் இவற்றைப் படித்தார்.

ஒரு வேடிக்கை என்னன்னா, இடைக்காலத்தில் இந்தத் தொகுப்பு செனெகா பெயரிலேயே சுற்றியது. இடையில் மற்றவர்கள் எழுதிய வரிகளும் கலந்துவிட்டன. அதனால் சோஷியல் மீடியாவில் புப்ளிலியஸ் பெயரில் வரும் எல்லாப் பொன்மொழியும் அவருடையது என்று நம்பிவிட வேண்டாம்.