அஞ்சா நெஞ்சத்து நாடியா

1908-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிற் பிறந்த மேரி ஆன் எவன்ஸ் என்பவரே, பின்னர் நாடியா எனப் புகழ்பெற்ற நடிகையாவார். இளமையிலேயே பம்பாய்க்கு வந்த அவர், போர்வீரரான தந்தையை முதல் உலகப் போரில் இழந்தார். சர்க்கஸில் உழைத்து உடலுரம் பெற்றார்.

1935-இல் வெளிவந்த வாடியா சகோதரரின் 'ஹண்டர்வாலி'யில், முகமூடியணிந்து சாட்டை ஏந்திக் கொடியோரை ஒறுக்கும் இளவரசியாகத் தோன்றினார். 1936-இல் 'மிஸ் பிராண்டியர் மெயில்' படத்தில் ஓடும் ரெயிலின் கூரைமேற் போரிட்டார். இவ்வருஞ்செயல்களைத் தாமே செய்தமையே அவர்தம் பெருமை. மீட்பவனை எதிர்நோக்கி அழும் மகளிரையே திரையிற் கண்டு பழகிய மக்கள், மீட்க வரும் பெண்ணைக் கண்டு ஆரவாரித்தனர்.

1996-இல் அவர் மறைந்தார். அச்சம் பெண்மைக்கு இயல்பென இலக்கணத்திற் பயிலும் நாம், அதனை ஒருமுறை ஐயுற்று நோக்க அவர் வாழ்வு இடந்தருகின்றது.