அரபு பயின்ற நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ்

கல்லூரியில் சேரும் நம் வாலிபர்களுள் பலர் அரபு மொழியைப் பாடமாக எடுத்துக்கொள்ளத் தயங்குகின்றனர். சிறு வயது முதல் மதரஸாவில் ஓதியவர்களுக்கே அம்மொழி வசப்படும் என்றும், பதினெட்டு வயதில் புதிதாகத் தொடங்குவோர்க்கு அது எட்டாக் கனி என்றும் அவர்கள் கருதுகின்றனர். பெற்றோரும் அதனை ஆமோதிக்கின்றனர். இக்கருத்து தவறு என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு வலுவான சான்று உண்டு. அவர்தாம் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய சர் வில்லியம் ஜோன்ஸ். அவர் முஸ்லிம் அல்லர், கிறிஸ்தவர். எனினும் அறிவு எங்கிருப்பினும் அதனைப் பெற்றுக்கொள்வது நம் முன்னோர் மரபாதலின், அவருடைய கல்வி வரலாற்றை நாம் அறிவது பயன் தரும்.

தாயின் வளர்ப்பு

ஜோன்ஸ் 1746 ஆம் ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற கணித அறிஞர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலமானார். அதன்பின் மகனை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயைச் சார்ந்தது. பிள்ளை எதைக் கேட்டாலும் உடனே விடை கூறாமல், நூலைப் படித்து அறிந்துகொள்ளுமாறு பணிப்பது அவ்வம்மையாரின் வழக்கம். அவ்வழக்கமே ஜோன்ஸின் வாழ்நாள் குணமாயிற்று.

ஹாரோ என்னும் ஊரிலுள்ள பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தார். அரபு எழுத்துகளின் வடிவங்களை அங்கேயே அறிந்துகொண்டார். ஆனால் எழுத்துக்கு அப்பால் மொழியறிவு எதுவும் அவருக்கு இல்லை. 1764 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் அடி வைத்தபோது அரபில் அவர் நிலை இதுதான்.

மிர்ஸாவிடம் பாடம்

ஆக்ஸ்போர்டில் 1636 முதலே அரபுப் பேராசிரியர் பதவி ஒன்று இருந்து வந்தது. அரிய கையெழுத்துப் பிரதிகளும் அங்கே சேர்ந்திருந்தன. ஆயினும் ஏட்டை மட்டும் பார்த்து ஒரு மொழியைக் கற்றுவிட முடியாது என்பதை ஜோன்ஸ் உணர்ந்தார். அரபைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரின் நாவிலிருந்தே அதனைக் கேட்க விரும்பினார். சிரியா நாட்டின் ஹலப் நகரைச் சேர்ந்த மிர்ஸா என்பவரை இலண்டனில் கண்டு, தம் செலவிலேயே ஆக்ஸ்போர்டுக்கு அழைத்து வந்தார். உடன் பயிலும் மாணவர் சிலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வர் என்று எதிர்பார்த்தார், ஒருவரும் முன்வரவில்லை. வசதி குறைந்த குடும்பத்து மாணவராயிருந்தும், அச்சுமையைத் தாமே ஏற்றார்.

அவர் கற்ற முறை கவனிக்கத்தக்கது. ஆயிரத்தோர் இரவுகள் என்னும் கதைத் தொகுப்பு அக்காலத்தில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து யாவராலும் படிக்கப்பட்டது. ஜோன்ஸ் அக்கதைகளை நன்கு அறிவார். நாள்தோறும் காலைப் பொழுதில் ஒரு பகுதியை ஒதுக்கி, அப்பிரெஞ்சு நூலின் கதைகளை மிர்ஸாவைக் கொண்டு மீண்டும் அரபில் சொல்லச் செய்வார். சொல்லச் சொல்லத் தாம் எழுதுவார். பின்னர் எர்பேனியஸ் என்னும் டச்சு அறிஞர் இயற்றிய அரபு இலக்கண நூலை வைத்துக்கொண்டு, தாம் எழுதியதிலுள்ள பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவார்.

உஸ்தாத் சொல்ல மாணவர் எழுதும் இம்லா முறை நம் மதரஸாக்களுக்குப் புதியதன்று. காது ஒலியைப் பிடிக்கிறது. கை எழுத்தைப் பழகுகிறது. இலக்கணம் பிழையைக் காட்டுகிறது. கதை முன்பே தெரிந்ததாதலின் பொருள் தானே விளங்குகிறது. ஸர்ஃபு, நஹ்வு வாய்பாடுகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் மனனம் செய்து அலுத்துப் போகும் மாணவர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு.

பாவும் ஊடையும்

தொடக்க மாணவரை மலைக்க வைப்பது அரபுச் சொற்களின் பெருக்கம். ஆனால் அப்பெருக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பகுதியின் தறிக்கூடங்களில் பாவு நூல் நிலையாய் நிற்க, ஊடை நூல் குறுக்கே ஓடித் துணி உருவாவதை நம் கொங்கு நாட்டு வாசகர் அறிவர். அரபிலும் மூன்று மெய்யெழுத்துகள் பாவாக நிற்கின்றன. உயிரொலிகளும் முன்பின் ஒட்டுகளும் ஊடையாக ஓடுகின்றன. காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துக்கு எழுதுதல் என்பது பொருள். அதிலிருந்து நூலைக் குறிக்கும் கிதாப், எழுதுபவரைக் குறிக்கும் காதிப், நம் சிறுவர் ஓதும் மக்தப் ஆகிய அனைத்தும் பிறக்கின்றன. ஒரு வேரை அறிந்தவர்க்குப் பல சொற்கள் கிடைத்துவிடுகின்றன.

பாரசீகத்தில் அரபுச் சொற்கள் நிறைந்திருப்பதைக் கண்ட ஜோன்ஸ், அடுத்து அம்மொழியையும் கற்று, 1771 இல் பாரசீக இலக்கண நூலொன்றை வெளியிட்டார். நம் தறிக்கூடங்களின் கணக்குப் பேச்சில் வழங்கும் அசல், பாக்கி, வசூல் ஆகியனவும் அரபுச் சொற்களே. நம் வீட்டார் முற்றிலும் அறியாத மொழி அன்று இது.

சட்டமும் அரபும்

எழுத்தினால் மட்டும் பிழைக்க இயலாது என்று கண்ட ஜோன்ஸ் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். அப்போதும் அரபை விடவில்லை. அறியாமைக் காலத்து அரபுக் கவிதைகளுள் தலைசிறந்த ஏழான முஅல்லகாத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1783 இல் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இந்தியா வந்தார். மறு ஆண்டு ஜனவரியில் ஆசியக் கழகத்தைத் தோற்றுவித்தார். சமஸ்கிருதம் கற்று, அதற்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1786 இல் எடுத்துரைத்ததே உலகில் அவர் பெயரை நிலைநாட்டிற்று.

ஆனால் நமக்கு நெருக்கமானது அவருடைய வேறொரு பணி. முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளை அவர்களுடைய மார்க்கச் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்பது அக்கால ஆட்சியின் ஏற்பாடு. நீதிபதிகளோ அரபு அறியாதவர்கள். எனவே ஸிராஜுத்தீன் ஸஜாவந்தி அவர்கள் இயற்றியதும், ஹனஃபி மதரஸாக்களில் இன்றளவும் ஓதப்படுவதுமான அஸ்ஸிராஜிய்யா என்னும் ஃபராயிள் நூலை ஜோன்ஸ் ஆங்கிலப்படுத்தி, 1792 இல் கல்கத்தாவில் வெளியிட்டார்.

ஃபராயிளின் அடிப்படை திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் 11, 12, 176 ஆகிய வசனங்களில் உள்ளது. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தால், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்து 24 பங்காகும். மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இந்த ஏழு பங்கு அண்ணன் தம்பியர் மனமிரங்கித் தரும் சீர்வரிசை அன்று. இறைவன் விதித்த உரிமை. பொருளறியாமல் வசனத்தை ஓதும் இல்லத்தில், அவ்வுரிமை மகளுக்கே தெரியாமல் போய்விடக்கூடும்.

ஜோன்ஸின் நோக்கத்தை நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. அவர் ஆளவந்த இனத்தின் அதிகாரி. நாட்டு மக்களின் சட்டம் ஆட்சிக்குத் தேவைப்பட்டது. இருப்பினும், மிர்ஸா சொல்லச் சொல்ல எழுதப் பழகிய கை, ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின் ஃபராயிள் நூலைப் பெயர்க்கும் தகுதி பெற்றது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. 1794 ஏப்ரல் 27 ஆம் நாள், 47 ஆம் வயதில், அவர் கல்கத்தாவிலேயே காலமானார். பார்க் தெரு இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது.

நமக்குள்ள வாய்ப்பு

எழுத்து மட்டும் தெரிந்த நிலையில் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் புகுந்தார். நம் பிள்ளைகளோ எழுத்தோடு ஒலியையும் அறிவர். பல சூராக்களை மனனம் செய்துள்ளனர். மிர்ஸாவைத் தேடி அவர் அலைந்ததுபோல் நாம் அலைய வேண்டியதில்லை. பள்ளிவாசல் தோறும் உஸ்தாதுமார் உள்ளனர். 1927 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபுத் துறை இருக்கிறது. 1951 இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் அரபு கற்பிக்கின்றன. குறைவது வாய்ப்பு அன்று, முயற்சியே.

ஆதலின் கல்லூரி செல்லும் மகனையும் மகளையும் அரபு கற்கப் பெற்றோர் தடுக்காதிருப்பாராக. நாள்தோறும் காலையில் சிறிது நேரம், ஓர் உஸ்தாதின் முன்னிலையில், கேட்டு எழுதித் திருத்தும் பழக்கம் போதும். ஓதுவதன் பொருளை உணர்ந்து, உரியவர்க்கு உரிய பங்கை அளிக்கும் இல்லங்களாக நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.