துயரத்தை வென்ற தரங்கம்பாடிப் பாதிரியார்

பழவேற்காடு ஏரியில் வலை வீசுகிறவர்களுக்கு இது தெரியும். சில நாள் வலை கனக்கும். சில நாள் வெறும் பாசிதான் வரும். நாலைந்து நாள் தொடர்ந்து இப்படி ஆகிவிட்டால் மனம் தளர்ந்து போகும். இனி நமக்கு விடிவே இல்லை என்ற எண்ணம் நெஞ்சில் வந்து உட்கார்ந்து கொள்ளும்.

இந்த எண்ணம் பொல்லாதது. கிழிந்த வலையைத் தைத்து விடலாம். கிழிந்த மனதைத் தைப்பது எப்படி?

இதே சோழமண்டலக் கடற்கரையில், தெற்கே தரங்கம்பாடியில், 300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாழ்ந்தார். பிள்ளைப் பிராயம் முதல் துயரமும் நோயும் அவரை விடவில்லை. ஆனாலும் தமிழ்நாடு மறக்க முடியாத காரியங்களை அவர் செய்து முடித்தார். அவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

தாய் வைத்த சொத்து

ஜெர்மனியில், சாக்சனி நாட்டில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிறிய ஊரில் 1682-ம் ஆண்டு அவர் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி.

சீகன்பால்கு சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் நோயில் விழுந்தார். மரணப் படுக்கையில் பிள்ளைகளை அருகே அழைத்தார். உங்களுக்காகப் பெரிய சொத்து ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றார். பிள்ளைகள் விழித்தார்கள். அந்தச் சொத்து பைபிளில் இருக்கிறது, தேடி எடுத்துக் கொள்ளுங்கள், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

கொஞ்ச காலத்தில் தகப்பனாரும் இறந்தார். அக்காள்தான் தம்பியை வளர்த்தார்.

படிப்பே வேண்டாம்!

வாலிப வயதில் வயிற்று நோய் அவரை வாட்டியது. நோயை விடக் கொடியது மனச்சோர்வு. நான் எதற்கும் உதவாதவன், கடவுள் என்னை ஏற்பாரா என்ற கேள்விகள் இரவும் பகலும் குடைந்தன. படிப்பைத் தொடர முடியவில்லை. அதை விட்டுவிடலாமா என்று கூட நினைத்தார்.

அப்போது மூன்று துணைகள் அவரைத் தாங்கின. ஒன்று, தாய் காட்டிய பைபிள். இரண்டாவது, பாட்டு; சங்கீதத்தில் அவருக்கு ஆசை அதிகம். மூன்றாவது, நல்ல மனிதர்களின் பேச்சு. ஹாலே நகரில் அநாதைப் பிள்ளைகளுக்குப் பெரிய இல்லம் நடத்தி வந்த பிராங்கே என்ற பேராசிரியர் அவருக்குத் தைரியம் சொன்னார். துன்பம் வந்தால் கடவுள் கைவிட்டார் என்று பொருள் அல்ல என்பதை அந்த வாலிபர் மெல்ல மெல்லக் கற்றுக் கொண்டார்.

கரையில் நின்ற இருவர்

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டார் கையில் இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது போல, 1620-ம் ஆண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அங்கே போய் ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று டென்மார்க் மன்னர் நாலாம் பிரடெரிக் தேடினார். அழைப்பு சீகன்பால்குவுக்கு வந்தது.

அவர் தயங்கினார். வயது 23. உடம்போ நோஞ்சான். கோபன்ஹேகனில் நடந்த முதல் பரீட்சையிலேயே அவரைத் தேறாதவர் என்று தள்ளினார்கள். மறுபடி பரீட்சை வைத்துத்தான் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1705 நவம்பரில் நண்பர் புளூட்சோவுடன் கப்பல் ஏறினார். ஏழு மாதத்துக்கு மேல் கடல் பிரயாணம். 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்.

வரவேற்பு எப்படி இருந்தது? கவர்னர் முகம் கொடுக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் பாதிரிமார் எதற்கு என்பது அவர் எண்ணம். அறிமுகம் இல்லாத ஊரில், பாஷை தெரியாமல், இருவரும் தெருவில் நின்றார்கள்.

மணலில் எழுதிய எழுத்து

சீகன்பால்கு சோர்ந்து உட்காரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிப் படித்தார். நன்கு படித்தவர் அவர். பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படவில்லை.

தினமும் நேரம் வகுத்துக் கொண்டார். காலை 7 மணி முதல் 8 மணி வரை, முன்பு படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். 8 மணி முதல் 12 மணி வரை, புலவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஓலைச்சுவடிகளைப் படிப்பார். பிற்பகலிலும் படிப்பு. ஜெபத்துக்குத் தனி நேரம். வேலை நிறைந்த நாளில் கவலைக்கு இடம் குறைவுதானே!

இரண்டு ஆண்டுக்குள் தமிழில் நன்றாகப் பேசினார். கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகிய நூல்களை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார். 1707-ம் ஆண்டிலேயே ஒரு கோவிலைக் கட்டி, எருசலேம் என்று பெயர் வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்.

பணம் கடலில்!

1708-ம் ஆண்டு, ஊழியச் செலவுக்காக டென்மார்க்கில் இருந்து பணம் வந்தது. கப்பல் தூரத்தில் நின்றது. பணப்பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்த படகு அலையில் கவிழ்ந்தது. பெட்டி கடலுக்குள் போய்விட்டது.

அந்த ஆண்டு துன்பம் அதோடு நிற்கவில்லை. கடன் வழக்கில் அநியாயம் செய்யப்பட்ட ஒரு விதவைக்காக அவர் பரிந்து பேசினார். கவர்னருக்குக் கோபம் பொங்கியது. நவம்பர் மாதம் வீரர்களை அனுப்பி அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறைவாசம்! யாரையும் பார்க்க முடியாது. எழுதுவதற்குப் பேனாவும் மையும் கூட முதலில் தரவில்லை.

நோயாளி, தனிமை, இருட்டு அறை. பழைய துயரம் திரும்பி வந்து கழுத்தை நெரிக்க இதைவிட நல்ல சமயம் ஏது? ஆனால் சீகன்பால்கு ஜெபித்தார், பாடினார். எழுதுகோல் கிடைத்ததும் புத்தகம் எழுதத் தொடங்கினார். 1709 மார்ச்சில் விடுதலை ஆனார். கவர்னரோடு சமாதானமாகி, விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடர்ந்தார்.

எழுத்தான ஈயம்

சிறைக்குப் போகும் முன் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியிருந்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை அது. 1711 மார்ச்சில் அதை முடித்தார்.

அச்சிட வேண்டுமே! லண்டனில் இருந்து அச்சு யந்திரம் அனுப்பினார்கள். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். மீண்டு வந்தபோது, கூட வந்த அச்சுக்காரர் பாதி வழியில் இறந்து போனார். யந்திரம் வந்தது, அதை ஓட்டும் ஆள் வரவில்லை.

பிறகு ஜெர்மனியில் இருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த எழுத்தில் அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் போதாது. என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் இருந்து பாலாடைக் கட்டியைச் சுற்றி வந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள். அதில் சின்ன எழுத்துக்களை வார்த்தார்கள். தூக்கி எறிய வேண்டிய ஈயம் எழுத்தாயிற்று!

1715-ம் ஆண்டு ஜூலையில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சான முழுப் புதிய ஏற்பாடு அதுதான்.

கடைசி அடி

1716-ல் ஐரோப்பா போயிருந்தபோது மரியா டொரோத்தியா என்ற பெண்ணை மணந்து, மனைவியோடு திரும்பி வந்தார். புதிய எருசலேம் கோவிலைக் கட்டி, 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் அதிகாரி கடுமையான கடிதங்கள் எழுதினார். கட்டடம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, இவ்வளவு செலவு எதற்கு என்று குற்றம் சாட்டினார். கவர்னர் அடித்த அடியைத் தாங்கியவருக்கு, சொந்த வீட்டார் அடித்த இந்த அடி தாங்க முடியவில்லை. ஏற்கெனவே நைந்த உடம்பு ஒடிந்தது.

1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி, நண்பர் கிரண்ட்லர் பக்கத்தில் இருக்க, பக்திப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே உயிர் நீத்தார். வயது 36. அவர் கட்டிய கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கோவில் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது.

பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம் வரைதான் அவரால் தமிழாக்க முடிந்தது. மீதியைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

விசுவாசம் வந்தவுடன் அவருடைய சோர்வு மாயமாய் மறைந்துவிடவில்லை. கடைசி வரை அது வந்து வந்து கதவைத் தட்டியது. ஆனால் வீட்டு எஜமானாக அதை உட்கார வைக்கவில்லை. அதுதான் அவருடைய வெற்றி.

அவர் செய்தது என்ன? துயரத்தை மூடி வைக்கவில்லை. கடவுளிடம் சொன்னார். நண்பர்களிடம் சொன்னார். ஐரோப்பாவில் இருந்த பெரியோருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். நாளைய கவலையை நாளைக்கு வைத்துவிட்டு, இன்றைய வேலையை இன்று செய்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது பேச்சைக் குறைத்து, சாப்பாட்டை வெறுத்து, மூலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களைத் திட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச விடுங்கள். தேவையானால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சேர்ந்து ஜெபம் செய்யுங்கள்.

ஒரு தாயின் சொல்லும் ஓர் ஆசிரியரின் சொல்லும்தான், எதற்கும் உதவாதவன் என்று தன்னை நினைத்த ஒரு வாலிபரைத் தமிழ்நாட்டுக் கரை வரை கொண்டுவந்து சேர்த்தன.