கேட்காமலே கொடுத்த கொல்லிமலை ராஜா... வல்வில் ஓரியைத் தெரியுமா?

ஆகாய கங்கையில் குளிச்சிருக்கீங்களா? நாமக்கல் பக்கம் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். முழங்கால் கெஞ்சும்போது, சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு உங்கள் தலையில் கொட்டும். வலியெல்லாம் போயே போச்சு!

இமயமலை அருவிகளில் பனி உருகுவதால், வெயில் ஏற ஏறத் தண்ணீர் பெருகும். நம்ம கொல்லிமலையில் ஏது பனிப்பாறை? மழைதான் முதல். அந்த மழையைக் காட்டு மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்குக் கொடுக்கும். கோடையில் அருவி இளைத்துப்போகும். மழை வந்துட்டா மறுபடி ஆர்ப்பரிக்கும்.

சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன்தான் ஓரி. வில் வித்தையில் கில்லாடி என்பதால் வல்வில் ஓரி. யானையைத் துளைத்த அவனுடைய அம்பு, புலி, மான், காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றாய் ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். இதைப் பாடியவர் வன்பரணர்.

ஆனால், அவன் பேர் நிலைத்தது வில்லால் மட்டுமல்ல. காட்டில் பாணர் கூட்டம் ஒன்று அவனைப் பார்க்கிறது. யாரோ வேட்டைக்காரன் என்று நினைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்ற சொல் வந்ததும், அது தன்னைத்தானே என்று அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. சமைத்த மான் கறியும் மதுவும் கொடுத்து உபசரித்தான். தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுத்தான். இன்னொரு முறை, அவன் கொடுத்ததை வயிறாரச் சாப்பிட்ட கலைஞர்கள், ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனார்களாம்!

அப்படிப்பட்டவனுக்கு வந்த முடிவுதான் மனசைப் பிசையும். சேரனுக்காகப் படையெடுத்து வந்த திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி, போரில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். வென்ற காரி, ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது ஊரே கூச்சலிட்டதை நற்றிணை சொல்கிறது. இதில் கொடுமை என்ன தெரியுமா? கடையெழு வள்ளல்கள் பட்டியலில் ஓரியும் உண்டு, காரியும் உண்டு. ஒரு வள்ளலைக் கொன்றது இன்னொரு வள்ளல்!

மலை கைமாறியது. பேர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவை அரசே நடத்துகிறது. சேலம், நாமக்கல் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு மலையேறுவார்கள்.

நீங்களும் போங்க. அருவிக்கு இறங்கும் முன் செம்மேட்டில் ஒரு நிமிஷம் நில்லுங்க. ஷாம்பு பாக்கெட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் மட்டும் அருவியில் விட்டுட்டு வந்துடாதீங்க. கேட்காமலே கொடுத்தவன் மலை அது. பதிலுக்கு நாம் கொடுப்பது குப்பையாகவா இருக்கணும்?