விதையை அளந்து போட்ட வக்கீல்

படித்தது சட்டம். போனது வயலுக்கு. மாட்டுத் தீவன விதை நிலத்தில் ஒரே சீராக விழ வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அதற்காக ஓர் எந்திரமே செய்தார். அந்த எந்திரத்தால் அவருக்கு வேலையாட்களோடு தகராறு, எழுத்தாளர்களோடு தகராறு. அக்கம்பக்கத்து விவசாயிகள் அவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கினார்கள்.

அவர் பெயர் ஜெத்ரோ டல். இங்கிலாந்து நாட்டுக்காரர்.

1674-ம் ஆண்டு பிறந்தவர். சத்ரபதி சிவாஜி ராய்கட் கோட்டையில் முடிசூட்டிக் கொண்டதும் அதே ஆண்டுதான். பெர்க்ஷயர் மாவட்டத்தில் பேசில்டன் என்ற கிராமம் அவருடைய சொந்த ஊர். குடும்பத்துக்கு நிலபுலன் உண்டு. ஆக்ஸ்போர்டில் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு லண்டனுக்குப் போய் கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் படித்தார். 1699-ம் ஆண்டில் வக்கீல் ஆனார். அதே ஆண்டில் சுசன்னா ஸ்மித் என்ற பெண்ணை மணந்தார்.

ஆனால் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வாதாடும் உடம்பு அவருக்கு இல்லை. மார்புச் சளியும் இருமலும் வாட்டின. லண்டன் புகை ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியோடு கிராமத்துக்குத் திரும்பினார். வாலிங்போர்டு ஊருக்கு அருகே ஹவ்பரி என்ற இடத்தில் தந்தையின் பண்ணை இருந்தது. அங்கே விவசாயம் செய்யத் தொடங்கினார். விரும்பிப் போன தொழில் அல்ல அது. வேறு வழி இல்லாமல் போன தொழில்.

இளமையில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தேவாலயங்களில் வாசிக்கும் ஆர்கன் என்ற பெரிய வாத்தியம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து தெரிந்து வைத்திருந்தார். வயலுக்கும் வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்டிருப்பார்கள். சம்பந்தம் பின்னால் வந்தது.

முளைக்காத விதை

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செயின்பாயின் என்ற தீவனப் பயிர் பரவி வந்தது. நம் ஊர்க் குதிரை மசாலுக்குப் பங்காளி என்று சொல்லலாம். இளஞ்சிவப்பாகப் பூக்கும். வேர் ஆழமாக இறங்கும். சுண்ணாம்புக் கல் நிறைந்த வறண்ட நிலத்திலும் வளரும். ஒரு தடவை விதைத்தால் பல ஆண்டுகள் அறுத்துக்கொண்டே இருக்கலாம். மாடும் குதிரையும் ஆசையாகத் தின்னும்.

விதைதான் விலை அதிகம். அதிலும் பாதி முளைக்காது. அதனால் விவசாயிகள் அள்ளி அள்ளித் தூவினார்கள். அப்படியும் சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் சொட்டை.

இது ஏன் என்று டல் பார்த்தார். வயலில் குனிந்து செடிகளை எண்ணினார். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நெருக்கமாக முளைத்த இடத்தில் செடிகள் ஒன்றை ஒன்று பட்டினி போட்டு நோஞ்சானாக நின்றன. கலக்கமாக, இடம்விட்டு முளைத்த இடத்தில் செடி கொழுத்து நின்றது. அடுத்தது, முளைக்காத விதையில் பெரும்பகுதி சொத்தை விதை அல்ல. மண்ணுக்குள் அளவுக்கு மீறி ஆழமாகப் புதைந்து செத்துப்போன விதை.

ஆக, விதையைக் குறைத்துப் போட வேண்டும். ஆனால் ஒரே சீராகப் போட வேண்டும். ஒரே ஆழத்தில் போட வேண்டும். சொல்வது சுலபம்.

கையால் தூவியவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். நெல், சோளம் போல் கனமான மணியைக் கைநிறைய அள்ளி, நடையின் தாளத்துக்கு ஏற்ப வீசலாம். புல் விதை அப்படி அல்ல. காற்று கொஞ்சம் அடித்தாலும் திசை மாறிவிடும்.

காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்று மேய்ச்சல் காடுகள் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் காளைகள் இதில் மேய்ந்து வளர்ந்தவையே. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு மாதிரி இருக்கும். சுணை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே அள்ளி வீசினால் ஓர் இடத்தில் கற்றையாக விழும்; அடுத்த பத்து அடிக்கு ஒன்றும் விழாது. ஈர மணலோடு பிசைந்து தூவ வேண்டும். விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நிலத்தின் நீளவாக்கிலும் மறுபங்கைக் குறுக்குவாக்கிலும் தூவினால் ஒரு தடவை விட்டுப்போன இடம் மறு தடவை நிரம்பும். மேலாக மண்ணைக் கிளறி மூடினால் போதும். ஆழம் போனால் முளைக்காது. இதுவும் புது விதை என்றால் சில மாதம் இருப்பு வைத்திருக்க வேண்டும். அறுத்த உடனே விதைத்தால் விதை தூங்கிக்கொண்டே இருக்கும்.

டல் தூவுவதையே விட்டுவிட முடிவு செய்தார். நிலத்தில் கோடு கோடாகச் சிறு சால் பிடிக்கச் சொன்னார். அந்தச் சாலில் விதையைக் கையால், அளவோடு, மேலாகப் போட்டு மூடச் சொன்னார். கூலி கொடுத்துச் செய்ய வைத்தார். முதல் தடவை வேலை ஒழுங்காக நடந்தது. பயிர் அருமையாக வந்தது.

மறு ஆண்டு பெரிய அளவில் செய்ய நினைத்தார். அப்போதுதான் தகராறு வெடித்தது.

வேலையாட்கள் மறுப்பு

வேலையாட்கள் ஒன்று சேர்ந்துகொண்டு, சொன்னபடி விதைக்க மறுத்தார்கள். சால் கோணியது. விதை ஒரு இடத்தில் குவிந்தது. டல் கோபக்காரர். அவர்களை வேலையில் இருந்து நிறுத்தினார். மனிதக் கை செய்ய மறுப்பதைச் செய்ய ஓர் எந்திரம் உண்டாக்குவேன், முடியாவிட்டால் இந்தத் திட்டத்தையே விட்டுவிடுவேன் என்று உறுதி கொண்டார்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் டல் ஒருவரே. அந்த வேலையாட்களின் கட்சியை யாரும் எழுதி வைக்கவில்லை. நாள் முழுவதும் குனிந்து ஒவ்வொரு விதையாகப் போட்டால் இடுப்பு என்ன ஆகும் என்பது வக்கீலுக்குத் தெரியாது. கைவீச்சில் விதைப்பது அந்த ஊரில் மதிப்புள்ள கைத்தொழில். நல்ல விதைப்பாளி என்று பெயர் எடுத்தவனைப் பார்த்து, உன் கை சரியில்லை, கோட்டைப் பார்த்துப் போடு என்றால் அவனுக்கும் ரோஷம் வரும் அல்லவா? எசமானர் எழுதிய வரலாற்றில் அவர்கள் சதிகாரர்கள். அவ்வளவுதான்.

வேலையாட்களை அனுப்பிவிட்டு டல் யோசனையில் ஆழ்ந்தார். பழைய ஆர்கன் வாத்தியம் நினைவுக்கு வந்தது. அதன் உள்ளே பலகையில் பள்ளம் இருக்கும். பள்ளத்தின் வாயை ஒரு நாக்கு மூடியிருக்கும். நாக்கைப் பின்னால் இருந்து ஒரு வில் தாங்கும். கட்டையை அழுத்தினால் நாக்கு விலகிக் காற்றை விடும். கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். காற்றுக்குப் பதில் விதையை விட்டால்?

1701-ம் ஆண்டில் எந்திரம் உருவாயிற்று. மேலே விதைப் பெட்டி. அடியில் சுழலும் மர உருளை. அதில் விதை தங்கும் அளவுக்குச் சிறு குழிகள். சக்கரம் உருள, உருளையும் சுற்றும். குழியில் அடங்கிய விதை மட்டும் நாக்கைத் தாண்டிக் கீழே புனலுக்குள் விழும். மிச்சத்தை நாக்கு தடுத்து நிறுத்தும். முன்னால் ஒரு கொழு சால் கிழிக்கும். விதை சாலில் விழும். பின்னால் வரும் சிறு பரம்பு மண்ணை இழுத்து மூடும். ஒரே குதிரை இழுத்தது. ஒரே நேரத்தில் மூன்று வரிசை விதைத்தது.

எந்திரம் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் விதை கெடாது. சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டதோ அதற்கு ஏற்ற விதைதான் விழும்.

திராட்சைத் தோட்டத்தில் கற்றது

1709-ம் ஆண்டில் டல், ஹங்கர்போர்டு ஊருக்கு அருகே வேறு ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். அதன் பெயர் பிராஸ்பரஸ் பண்ணை. செழிப்புப் பண்ணை என்று பொருள். பெயர்தான் செழிப்பு, நிலம் சுமாரானது.

உடம்பு மேலும் கெட்டது. 1711-ம் ஆண்டில் சிகிச்சைக்காக பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போனார். நோயாளியாகப் போனவர் அங்கேயும் வயலைத்தான் பார்த்தார். தெற்கு பிரான்சில் திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே மண்ணைத் திரும்பத் திரும்ப உழுதுகொண்டே இருந்தார்கள். எரு போடாமலே கொடி செழித்தது. ஊர் திரும்பியதும் அதையே தன் பயிர்களிலும் செய்தார். வரிசையில் விதைத்ததால் இடையில் குதிரை நுழைய வழி இருந்தது. குதிரை இழுக்கும் களைக் கலப்பை ஒன்றைச் செய்து ஓட்டினார். களையும் போயிற்று, மண்ணும் பொலபொலப்பாயிற்று.

இங்கேதான் டல் சறுக்கினார். மண்ணின் நுண்ணிய துகள்களையே செடி தின்கிறது என்று நம்பினார். மண்ணைப் பொடியாக்கினால் போதும், எரு தேவை இல்லை என்று அடித்துச் சொன்னார். ஒரே வயலில் எரு இல்லாமல் 13 ஆண்டுகள் தொடர்ந்து கோதுமை எடுத்தும் காட்டினார். விளைந்தது உண்மை. காரணம் தவறு. செடி மண்ணைத் தின்பது இல்லை. மண்ணில் உள்ள சத்தைத் தண்ணீரோடு உறிஞ்சுகிறது. எரு வேண்டாம் என்ற இந்தப் பிடிவாதம், விதைப்பு எந்திரத்தின் நல்ல பெயரையும் கெடுத்தது.

நண்பர்களும் நிலப்பிரபுக்களும் வற்புறுத்தியதால் எழுத உட்கார்ந்தார். 1731-ல் முன்னோட்டமாக ஒரு பகுதி வெளிவந்தது. 1733-ல் முழுப் புத்தகம் வந்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. பழைய நூல்களில் இருந்து திருடியவர் என்று ஸ்டீபன் ஸ்விட்சர் என்ற எழுத்தாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் தாக்கினார்கள். 1669-ம் ஆண்டிலேயே ஜான் வொர்லிட்ஜ் என்பவர் ஒரு விதைப்பு எந்திரத்தைப் பற்றி எழுதி இருந்தார் என்பது மெய். ஆனால் அது வயலில் ஓடிய எந்திரம் அல்ல. டல் பொறுமைசாலி அல்லவே. பதிலுக்குப் பதில் எழுதித் தீர்த்தார்.

மராட்டிய வயலில்

டல்லுக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. அவர் ஆர்கனைப் பார்த்து யோசித்த காரியத்தை, தக்காணத்து விவசாயிகள் மூங்கிலை வைத்துச் சாதித்திருந்தார்கள்.

ஆந்திராவில் கொர்ரு, மராட்டியத்தில் திபண் என்று பெயர். மூன்று கொழு. ஒவ்வொரு கொழுவுக்கும் பின்னால் ஒரு மூங்கில் குழாய். குழாய்கள் மேலே ஒரு மரக் கிண்ணத்தில் சேரும். கிண்ணத்தின் அடியில் ஓட்டைகள். பின்னால் நடந்து வருபவர் விதையைப் பிடி பிடியாகக் கிண்ணத்தில் விடுவார். பெரும்பாலும் பெண்களே இந்த வேலையைச் செய்வார்கள். நாக்கும் இல்லை, வில்லும் இல்லை. அளவைக் காப்பது அந்தப் பெண்ணின் விரல்.

சிட்கோ வருவதற்கு முன் வயலும் உப்பளமுமாக இருந்த நெருளில் இன்று இதைப் பார்க்க முடியாது. ஆனால் புனே, சோலாப்பூர் வழியாக ஊருக்கு ரயிலில் போகும் தமிழர்கள், சோளம் விதைக்கும் காலத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கோடு போட்ட மாதிரி வயல்களைக் காணலாம். டிராக்டர் வந்த பிறகு மாடு பூட்டிய திபண் குறைந்துவிட்டது. கோடு மாறவில்லை.

1790-களில் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேய கேப்டன் ஆந்திரப் பகுதியில் இந்தக் கருவியைக் கண்டார். வரிசை விதைப்பு என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்தது என்று அதுவரை எண்ணி இருந்தவர் அவர். இங்குள்ள சாதாரணக் குடியானவர்கள் நெடுங்காலமாக அதைச் செய்து வருவதைப் பார்த்துத் திகைத்துப்போய், லண்டனில் இருந்த விவசாய வாரியத்துக்கு எழுதினார். டல் இறந்து அரை நூற்றாண்டு ஆகி இருந்தது.

கடைசி நாட்கள்

டல்லின் கடைசி ஆண்டுகள் கசப்பானவை. நோயாளியாக வீட்டுக்குள் கிடந்தார். ஜன்னல் வழியாக வயலை மேற்பார்த்தார். வேலையாட்கள் கருவிகளை வேண்டும் என்றே உடைக்கிறார்கள் என்று புலம்பினார். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். மர உருளையும் வில்லும் மேடு பள்ளத்தில் தானாகவே உடைந்திருக்கவும் கூடும். பழுது பார்க்கத் தெரிந்த தச்சர் கிராமத்தில் இல்லை.

1741-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி பிராஸ்பரஸ் பண்ணையில் காலமானார். அப்போது வயது 66.

முதலில் அவரை மதித்தது இங்கிலாந்து அல்ல, பிரான்சு. 1750-ம் ஆண்டு முதல் துஹாமெல் து மோன்சோ என்ற பிரெஞ்சு அறிஞர் டல்லின் முறையை விளக்கிப் புத்தகங்கள் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் குக் என்ற பாதிரியார் 1782-ல் பல் சக்கரம் வைத்துச் சீர்திருத்திய எந்திரத்துக்கு உரிமை வாங்கினார். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வரிசை விதைப்பு அங்கே சாதாரணக் காட்சி ஆயிற்று. டல் கண்ட கனவு வயலுக்கு வர ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன.

1968-ல் இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் தங்கள் ராக் இசைக் குழுவுக்கு ஜெத்ரோ டல் என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் இன்று பலருக்கு அந்தப் பெயர் பாட்டுக் கச்சேரியாகத்தான் தெரியும்.

பேசில்டன் கிராமத் தேவாலயத்தின் மண்ணில் அவர் உடல் புதைக்கப்பட்டது. அங்கே இப்போது இருக்கும் கல், பிற்காலத்தில் வைக்கப்பட்டது.